கூடைப்பந்தில் த்ரோ இன் (கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போடுவது) போடவே முடியாத டீம்கள்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஹட்டன் பனி:
எல்லோரும் கடைசி நிமிடத்தில் தவறிய ஷூட்டைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் டீம் ஷூட் வரைக்கும் போனால்தானே!

மாகாண மட்டம், கண்டியில். அவர்கள் கூடை போட்டு வித்தியாசத்தை ஒரு புள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உடனே ஃபுல் கோர்ட் பிரஸ், கோர்ட் முழுக்க நெருக்கித் தடுக்கிறார்கள். பந்தை முன்னே கொண்டுபோகும் எங்கள் பொயின்ட் கார்ட், கூடைக்குப் பின்னாலுள்ள எண்ட் லைனுக்கு வெளியே பந்தோடு நிற்கிறான். முன்னால் ஒரு நெட்டைப் பையன் கையை விரித்துக் குதிக்கிறான். நடுவரின் கை ஒவ்வொரு செக்கனுக்கும் வீசுகிறது. நான் மூலையில் தனியாக நின்று தொண்டை கிழியக் கத்துகிறேன். ஐந்து செக்கனுக்குள் பந்தை உள்ளே போட வேண்டும், போடவில்லை. ஐந்து விரல், விசில், பந்து அவர்களுக்கு. அடுத்த தடவையும் அதே கதை.

விசிலைக்கூட மறந்துவிட்டேன். அவனுக்குப் பின்னால் அவ்வளவு வெற்றிடம் இருந்ததே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. பின்னால் நாலு எட்டு வைத்திருந்தால் நெட்டையனின் கை எட்டியிருக்காது. ஒரு எட்டுக்கூட வைக்கவில்லை. எங்கள் ஸ்கூல் கோர்ட் மலையை வெட்டிச் சமப்படுத்திய இடம். கோட்டைத் தாண்டினால் கான், கானைத் தாண்டினால் மண்மேடு. விதிப்படி கோட்டுக்கு வெளியே 2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். எங்களுக்குச் செருப்பகலம்தான். அங்கே பழகிய கால் வேறு எப்படிப் போகும்?

பச்சை 33:
டைம் அவுட் கேட்டிருக்கலாமே? 1987இல் அமெரிக்காவின் என்பிஏ லீக்கில், பொஸ்டனோடு பொஸ்டனில் நடந்த மெட்ச். டெட்ரொயிட் ஒரு புள்ளி முன்னால், மிச்சம் 5 செக்கன். டெட்ரொயிட் கோச் சக் டேலி டைம் அவுட் எடு, எடு என்று கத்துகிறார். அவரது வீரர் ஐசாயா தோமஸ் காதில் விழவில்லை, பந்தைப் போட்டுவிட்டார். பொஸ்டனின் லாரி பேர்ட் பாய்ந்து பறித்துத் தன் டீமின் டெனிஸ் ஜோன்சனுக்குக் கொடுத்தார், அவர் கூடை போட்டார். 108-107, மெட்ச் முடிந்தது. அந்த வீடியோவில் நான் எப்போதும் பார்ப்பது பேர்டை இல்லை, ஓரத்தில் நிற்கும் டேலியைத்தான்.

பழைய விசில்:
தம்பி, அது என்பிஏ. இங்கே நடப்பது சர்வதேச விதி. வீரன் டைம் அவுட் கேட்கவே முடியாது.

பண்டாரவளையில் ஒரு மெட்ச், நடுவர் நான். ஒரு பையன் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் டி போட்டுக் காட்டுகிறான். டிவியில் பார்த்ததைச் செய்கிறான், பாவம். நான் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். 'சேர், டைம் அவுட் சேர்' என்றான். ஐந்து ஆனதும் ஊதினேன். என்னை என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

சரி, இப்போது கேளுங்கள். டைம் அவுட்டை கோச்தான் மேசையில் கேட்க வேண்டும். அதுவும் எதிரணியின் கூடை விழுந்ததும், பையன் பந்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால். கடைசிக் குவாட்டரின் கடைசி 2 நிமிடத்தில் இப்படி எடுத்தால், த்ரோ இன்னை எதிர்ப்பாதியின் பக்கக்கோட்டிலிருந்தே போடலாம், ஃபுல் கோர்ட் பிரஸ்ஸுக்கு வேலையே இருக்காது. அப்புறம், கூடை விழுந்த பிறகு எண்ட் லைன் நெடுக ஓடலாம். வெளியே இன்னொரு பையனை நிறுத்தி அவனுக்கும் கொடுக்கலாம், இது பாதி கோச்மாருக்கே தெரியாது. பக்கக்கோட்டில் அந்தச் சலுகை இல்லை. பக்கவாட்டில் மொத்தமாக 1 மீட்டர்தான், பின்னால் மட்டும் இடமிருக்கும் வரை போகலாம். தடுப்பவன் முதுகைக் காட்டி நின்றால் பந்தை அவன் முதுகில் மெல்லப் பட வைத்து, உள்ளே வந்து நீங்களே எடுக்கலாம், தப்பில்லை. முக்கியமாக, பொயின்ட் கார்டை வெளியே நிறுத்தாதீர்கள். பந்தை வாங்க வேண்டியவனே அவன்தானே. உயரமான, பதறாத பையனைப் போடச் சொல்லுங்கள். ஸ்க்ரீன் போடப் (தடுப்பவனை மறித்து நிற்க) பழக்குங்கள், தினமும் பயிற்சி முடியும்போது கொஞ்ச நேரம்.

கோல் டிஃபென்ஸ்:
தினமுமா சேர்? நுவரெலியாப் பக்கம் வந்து பாருங்கள். ஸ்கூல் விடும்போதே மூட்டம் இறங்கிவிடும், எதிர்க் கூடை தெரியாது. ஈரப் பந்து கையில் நிற்காது.

எனக்கு 5 செக்கன் குறைவு என்பதே விளங்கவில்லை. நாங்கள் வலைப்பந்திலிருந்து வந்த பிள்ளைகள், அங்கே 3 செக்கன்தான். எங்கள் பிரச்சினை வேறு. வெளியே நிற்பவள் பந்து கைக்கு வந்ததுமே எறிந்துவிடுவாள், உள்ளே நாங்கள் திரும்பக்கூட மாட்டோம். பதுளையில் ஒரு மெட்சில் பந்து என் நடு முதுகில் வந்து மொத்தியது. வெள்ளை ஜேர்சியில் வட்டமாகச் சேறு. அது உருண்டு நேரே எதிரணிக்காரி காலடிக்குப் போனது, அவள் குனிந்து எடுத்துக் கூடை போட்டாள். மிச்ச மெட்ச் முழுக்க கூட்டத்தில் ஒருவன் 'முதுகு, முதுகு' என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவன் மட்டும் இன்றைக்குக் கையில் கிடைத்தால்!

அது இருக்கட்டும். ஹட்டன் அண்ணா, மூலையில் நின்று கத்தினேன் என்கிறீர்களே, பந்தை நோக்கி ஓடி வந்திருக்கலாமே?

ஹட்டன் பனி:
ஓடினால் என்னை விட்டுவைத்தவனும் பின்னாலேயே வருவான் தங்கச்சி. அதனால்தான் நின்றேன்.