மறு: பழைய கார் தகுதிச் சோதனைச் சொற்கள் – ‘பிளே’வுக்கு எது?

> பிளே = தளர்ச்சி; எக்ஸசிவ் பிளே = மிகைத் தளர்ச்சி; பேக்லாஷ் = பின்னடிப்பு. மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

மறுப்பு உண்டு ஐயா.

உங்கள் கலைச்சொல் பட்டியலின் மற்ற வரிகளோடு எனக்குச் சண்டை இல்லை. துரு, கைபிரேக், புகை, முகப்பு விளக்கு எல்லாம் ஏற்கெனவே புழங்கும் சொற்கள். தகுதிச் சான்று என்று நாம் எழுதினாலும் ஊரில் ‘எஃப்.சி. காட்டணும்’ என்றுதான் சொல்வார்கள், அது கிடக்கட்டும். ஆனால் பழைய கார் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொண்டு முழிக்கிற இடம் இந்த ‘பிளே’, அதாவது ஓர் உறுப்பு அசைந்தும் அடுத்தது அசையாமல் நிற்கிற அந்த இடைவெளி. இதற்குப் பொருந்தாத சொல் போய்விடக் கூடாது.

என்னிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருக்கிறது. சொந்தக் கார் என்பதால் முதல் 15 ஆண்டு கழிந்தபின் 5 ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டித்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். போன மாதம் கொண்டுபோனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்தான், எதைச் சோதித்தாலும் எங்கள் பக்கம் அவருக்கு அதுதான் பெயர்) ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினார். முன்சக்கரம் அசையவே இல்லை. “ஆட்டம் இருக்கு, எடுத்துட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

மெக்கானிக் ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. தள்ளி இழுத்தால் ‘டக் டக்’. என்னை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்ததும் சத்தம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்புவதற்கான அச்சாணி). நிற்கவில்லை. கிரீஸ் ஏற்றும் நிப்பிள் அடைத்துக்கொண்டு, கிரீஸ் உள்ளே போகாமலே கிங்பின்னைச் சுற்றியுள்ள புஷ் என்ற உறை தேய்ந்திருக்கிறது. பிறகு சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார். ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டின் முனையான டை ராடு எண்டும் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் கையில் தட்டுப்பட்டது இதுதான், கிங்பின் கொசுறு. இத்தனைக்கும் மெக்கானிக் வாயில் ஒரே சொல்: கிங்பின் ஆட்டம், எண்டு ஆட்டம், பேரிங் ஆட்டம்.

இப்போது உங்கள் ‘தளர்ச்சி’. நட்டு தளர்ந்தால் முறுக்கிவிடலாம். என் கிங்பின் தளரவில்லை, தேய்ந்திருக்கிறது, ஸ்பேனரால் தீராது. இன்னொன்று, எல்லா பிளேயும் பழுது அல்ல. கிளட்ச் பெடலுக்குக் கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கித் தேயும். ‘பெடலில் போதிய தளர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கவும்’ என்று எழுதினால் படிப்பவர் பெடல் கழன்றுவிட்டதென்று பயந்துவிடுவார். பேக்லாஷ் என்பது பற்சக்கரங்களுக்கிடையே உள்ள பிளேதான்; அதற்கு நீங்கள் வைத்த பின்னடிப்பு பற்றி என்ன சொல்ல? யாரோ முதுகில் போட்டதுபோல இருக்கிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி, ஸ்டியரிங் சக்கரத்தில் இந்த பிளே 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. கடிகாரத்தில் 12க்கும் 1க்கும் உள்ள இடைவெளி. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங் என்றால் விளிம்பில் 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு தூரம் கை திரும்பியும் சக்கரம் சும்மா நிற்கலாம் என்று சட்டமே விட்டுக்கொடுக்கிறது. நமக்கு வேண்டிய சொல் இந்தச் ‘சும்மா’வைச் சொல்ல வேண்டும்: அசைவு உண்டு, அது அடுத்த உறுப்புக்குப் போய்ச் சேராது.

அப்படியென்றால் ‘ஆட்டம்’ என்றே வைத்துவிடலாமே என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வேகமெடுத்ததும் ஸ்டியரிங் உதறுகிறதே, அதையும் ஆட்டம் என்றே சொல்கிறோம். கிங்பின் தேய்ந்தாலும் அந்த உதறல் வரும். கையேட்டில் ‘ஆட்டத்தால் ஆட்டம் ஏற்படும்’ என்றா எழுதுவது?

என் பரிந்துரை: வெற்றாட்டம். வெற்றிடம் போல. கிங்பின் வெற்றாட்டம், பெடல் வெற்றாட்டம், சோதனையில் தோற்பதற்கு ‘அளவு மீறிய வெற்றாட்டம்’. பேக்லாஷுக்கும் ஸ்டியரிங்கைப் பொறுத்தவரை இதுவே போதும். சக்கரம் உதறுவதை ‘உதறல்’ என்றே விட்டுவிடலாம்.

---

> கிங்பின் வெற்றாட்டம்

தம்பி, விளக்கம் நன்று, தளர்ச்சியை எடுத்துவிடுகிறேன். ஆனால் வெற்றாட்டம் என்றதும் முதலில் ‘வெற்றி ஆட்டம்’ என்று படித்துவிட்டேன். கிரிக்கெட் செய்திபோல இருந்தது. மற்றவர்களும் அப்படிப் படிக்க மாட்டார்களா? பட்டறையில் இதை யார் சொல்வார்கள்?

---

ஐயா, வெற்றியோடு ஆட்டம் சேர்ந்தால் வெற்றியாட்டம் ஆகும், நடுவில் யகரம் வரும். வெறுமை சேர்ந்தால்தான் வெற்றாட்டம். முதல் தடவை கண் தடுக்கும், ஒத்துக்கொள்கிறேன். ‘கிங்பின்’, ‘பெடல்’ என்று முன்னால் ஒரு சொல் நிற்கும்போது தடுக்காது.

பட்டறையில் யாரும் சொல்ல வேண்டாம். அவர்களுக்கு ஆட்டம் இருக்கிறது. அச்சில் பார்த்தால் புரிய வேண்டும், அவ்வளவுதான். நேற்று வண்டி எடுக்கப் போனபோது எங்கள் மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “சும்மா ஆட்டம்னு சொல்றீங்க?” என்று கேட்டார். பட்டியலில் அதையும் பக்கத்திலேயே வழக்குச் சொல்லாகப் போட்டுவிடுங்கள். கிங்பின், எண்டு இரண்டும் மாற்றியாயிற்று. திங்கட்கிழமை மறுபடி காட்டப் போகிறேன்.