புரொபேட் இன்னும் வரவில்லை, உயிலில் உள்ளவர்களுக்கு இப்போதே கொஞ்சம் பணம் கொடுக்க முடியுமா?

மழைச்சாரல்:
என் பெரியம்மா தவறி நான்கு மாதம் ஆகிறது. உயிலில் என்னைத்தான் எக்ஸிக்யூட்டராக, அதாவது அதை நிறைவேற்றும் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார். உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்றான புரொபேட்டுக்கு மனு கொடுத்தாகிவிட்டது. எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, வங்கிக் கணக்குகள் முடங்கிக் கிடக்கின்றன. உயிலில் மூன்று பேருக்குப் பங்கு. ஒருவர் பெரியம்மாவின் நாத்தனார், பதினோரு வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர். அவர் செலவெல்லாம் பெரியம்மா கையிலிருந்துதான் போனது. இப்போது மருந்துக்குக்கூட என்னிடம் கேட்கக் கூச்சப்படுகிறார், பார்க்கவே மனசு கேட்கவில்லை. இன்னொருவர் பேரன், மாதக் கடைசிக்குள் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். பெரியம்மா வீட்டில் கொஞ்சம் ரொக்கம் இருக்கிறது. அதிலிருந்து கொடுத்தால் தப்பா?

கணக்குப்பிள்ளை:
முதலில், எதெல்லாம் புரொபேட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று பாருங்கள். நாமினி போட்ட ஆயுள் காப்பீடு, இருவரில் உயிரோடு இருப்பவருக்கு என்று திறந்த கூட்டுக் கணக்கு, இவற்றில் பெரும்பாலும் இறப்புச் சான்றிதழும் அடையாளச் சான்றும் போதும். நாமினி என்பதாலேயே பணம் அவருடையதாகிவிடாது என்பதையும் கவனியுங்கள். பல இடங்களில் அவர் வாங்கி உரியவரிடம் சேர்ப்பவர் மட்டுமே. இறுதிச் சடங்கு ரசீதைக் காட்டினால் சில வங்கிகள் அந்தத் தொகையை நேரடியாகக் கட்டிவிடும்.

தென்றல்வீதி:
ரொக்கத்தைத் தொடாதீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

என் சித்தப்பா உயிலுக்கு நான்தான் எக்ஸிக்யூட்டர். கடன் இல்லாத மனிதர் என்று நம்பி, அவர் மகள்கள் இருவருக்கும் முன்கூட்டியே ஆளுக்கொரு தொகை கொடுத்தேன். ஏழாவது மாதம் ஒரு நோட்டீஸ் வந்தது. நண்பர் ஒருவர் தொழிலுக்கு வாங்கிய கடனுக்குச் சித்தப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இறுதிச் சடங்கு, நிர்வாகச் செலவு, கடன், வரி எல்லாம் போக மிஞ்சுவதுதான் வாரிசுகளுக்கு. அந்த வரிசையை மீறியது நான், அதனால் குறைந்ததை ஈடுகட்ட வேண்டியதும் நான். தங்கைகளிடம் திருப்பிக் கேட்டேன். ஒருத்தியிடம் பாதிதான் மிச்சம் இருந்தது. மீதியை என் சேமிப்பிலிருந்து போட்டேன். இரண்டு வருடம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை, எனக்கு அதுதான் பெரிய வலி.

எக்ஸிக்யூட்டருக்கு அதிகாரம் தருவது உயில்தான். புரொபேட் அதை நிரூபிக்கும் தாள். ஆகவே முன்கூட்டிக் கொடுப்பதே குற்றமில்லை, ஆனால் ஆபத்து முழுக்க உங்கள் தலையில். அவசரப்பட வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 337 ஓராண்டு அவகாசம் தருகிறது. இங்கிலாந்தின் 1925 சட்டத்திலும், பிரிவு 44-இல், அதே ஓராண்டுதான். கடன்காரர்கள் இருந்தால் வரட்டும் என்று முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, அதன் கெடு முடிந்தபின் பங்கு பிரித்தால் உங்களுக்குப் பாதுகாப்பு.

இதற்கிடையில் அவசரம் என்றால், வசதியுள்ள யாராவது சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்கட்டும். “என் பங்கு வந்ததும் அதிலிருந்து இவருக்குக் கொடுத்துவிடுங்கள்” என்று வாங்குபவர் எழுதி உங்களிடம் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். எங்கள் வீட்டில் அப்போது இது எனக்குத் தோன்றவில்லை.

மழைச்சாரல்:
நல்லவேளை, கேட்டேன். நேற்று பீரோவைத் துழாவியதில் காப்பீட்டுப் பாலிசி ஒன்று கிடைத்தது. நாமினி நாத்தனார்தான், உயிலிலும் அந்தப் பணம் அவருக்கே என்று இருக்கிறது. இன்றே விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். பேரனுக்கு மூன்றாவது பங்குதாரரான என் அண்ணன் கடன் தருகிறார், நீங்கள் சொன்னபடி எழுதி வாங்கிக்கொள்கிறோம். ரொக்கத்தை எண்ணி, அண்ணன் முன்னிலையில் பட்டியல் போட்டுப் பூட்டி வைத்தாயிற்று.

கணக்குப்பிள்ளை:
பேரனுக்கு 18 ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால் அவன் எழுதித் தரும் கடன் தாள் செல்லாது.

மழைச்சாரல்:
போன மாதம்தான் முடிந்தது. பெரியம்மா இருந்திருந்தால் கட்டணத்தை அவர்தான் கட்டியிருப்பார்.