மழைக்காலத்தில் துணி நாப்கின் காயவில்லை: மாதவிடாய்க் கிண்ணத்துக்கு மாறலாமா?

கேள்வி (தலவாக்கலையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றின் லயத்தில் வசிக்கிறோம். அம்மா கொழுந்து பறிக்கிறார், நான் முன்பள்ளி ஆசிரியை, தங்கை உயர்தரம் படிக்கிறாள். 2022ஆம் ஆண்டின் விலையேற்றத்துக்குப் பின்னர் மூவருக்கும் மாதாமாதம் நாப்கின் வாங்குவது பெரிய சுமையாகிவிட்டதால், துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினுக்கு மாறினோம். ஆனால் இங்கே மே மாதத்தில் பிடிக்கும் மழை செப்டெம்பர் வரை விடுவதில்லை. வெளியே கொடியில் போட்டால் பனிமூட்டத்தில் ஈரம் ஏறுகிறதே தவிர இறங்குவதில்லை; அடுப்புக்கு மேலே போட்டால் புகை நாற்றம் பிடித்துவிடுகிறது. தண்ணீர்க் குழாயோ லயத்துக்கே பொது. ஆண்கள் பல் துலக்கும் இடத்தில் இதை எப்படி அலசுவது? அம்மா காலையில் மலைக்கு ஏறினால் மதியம் கொழுந்து நிறுக்கும் வரை மாற்றுவதற்கு மறைவான இடமும் கிடையாது. உடலுக்குள் வைத்து மாதவிடாய் இரத்தத்தைச் சேகரிக்கும் சிலிக்கோன் கிண்ணம் எங்களுக்குச் சரிவருமா? கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு அது ஆகாது என்று அம்மாச்சி கண்டிப்பாகச் சொல்கிறார். விவரம் அறிந்த அக்காமார் வழி கூறுங்கள்.

பதில் (பதுளையிலிருந்து)

தங்கச்சி, துணியை அவசரப்பட்டுக் கைவிட வேண்டாம். எங்கள் பக்கம் நீங்கள் மழையில் நனையும் மாதங்களில்தான் கச்சான் காற்று வீசும்; காலையில் போட்ட துணி மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். எங்களுக்கு மழை ஒக்டோபருக்குப் பிறகுதான். அந்தக் காலத்தைச் சமாளிக்க நான் கண்ட வழி, பல அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த தடித்த நாப்கினை விடுத்து, விரித்தால் ஒற்றை அடுக்காகும் பருத்தித் துணியை மடித்து வைப்பதுதான். தைத்த நாப்கின் மேலே காய்ந்ததுபோல் இருக்கும். நடுவில் விரலால் அழுத்திப் பார்த்தால் குளிர்ச்சியாக, ஈரம் அப்படியே நிற்கும். அந்த ஈரத்தோடு மறுபடி அணிவதால்தான் அரிப்பும் புண்ணும் வருகின்றன. விரித்த துணியைக் காற்றாட விட்டு, பிறகு மினுக்கினால் எஞ்சிய ஈரமும் போய்விடும். (அடியில் நீர் புகாத படலம் வைத்துத் தைத்தவற்றை மினுக்கினால் படலம் கெட்டுவிடும்.) அலசுவதற்குக் குளிர்ந்த தண்ணீரே நல்லது, சுடுநீர் பட்டால் கறை துணியில் பிடித்துக்கொள்ளும். குழாயடிக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே மூடியுள்ள வாளியில் முதல் அலசலை முடித்துவிடலாம்.

பதில் (ஹற்றனிலிருந்து, தாதி)

பதுளைச் சகோதரி கூறிய முறை நல்லதுதான், ஆயினும் நீங்கள் விவரித்த மழைக்கும் லயத்துக்கும் மலை வேலைக்கும் கிண்ணமே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. மாதவிடாயில் மொத்தமாக வெளியேறும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலீற்றர் வரைதான். ஒரு கிண்ணம் ஒரே தடவையில் 20 முதல் 30 மில்லிலீற்றர் வரை கொள்ளும். ஆகவே போக்கு மிக அதிகமாக உள்ளவர்களைத் தவிர மற்றவர்கள் காலையில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனால், வீடு திரும்பும்வரை அதைத் தொடத் தேவையில்லை. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மட்டும் வைத்திருக்கக் கூடாது. கொடியில் காயப்போட எதுவும் இல்லை, ஒரு கோப்பைத் தண்ணீரில் வேலை முடிந்துவிடும். நல்ல மருத்துவத்தரச் சிலிக்கோன் கிண்ணம் பத்து வருடங்கள் வரை உழைக்கும். ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்தக் கூடாது என்பதால் உங்களுக்கு மூன்று தேவைப்படும். முதற்செலவு கூடுதலாகத்தான் இருக்கும்.

கைச்சுத்தம்தான் இதில் உயிர்நாடி. கொழுந்துக் கறையும் தெளித்த மருந்தும் பட்ட கையால் தொடவே கூடாது, சவர்க்காரமிட்டு நகக்கண் வரை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். ஒவ்வொரு மாதமும் முடிந்ததும், கிண்ணம் முழுதும் மூழ்கும் அளவு தண்ணீரில், பாத்திரத்தின் அடியில் ஒட்டாமல் பார்த்துக்கொண்டு கொதிக்கவிடுங்கள். நம் மலைகளில் தண்ணீர் நூறு பாகைக்கு முன்பே கொதித்துவிடும், நுவரெலியா உயரத்தில் 94 பாகை அளவில். கிருமிகளுக்கு அது போதும், எனினும் ஐந்து நிமிடத்துக்குப் பதிலாகப் பத்து நிமிடம் விடுங்கள். முதல் ஓரிரு மாதங்கள் கசிவு இருக்கக்கூடும் என்பதால், பழகும்வரை துணியையும் சேர்த்து அணியுங்கள். அரிதாக, திடீர்க் காய்ச்சல், வாந்தி, தோலில் சிவப்புத் தடிப்பு, தலைச்சுற்று ஆகியவை சேர்ந்து வந்தால் உடனே கிண்ணத்தை எடுத்துவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

அம்மாச்சியின் அச்சத்தையும் மதித்தே பேசுங்கள். கன்னிச்சவ்வு துவாரத்தை முழுதாக மூடியிருக்கும் திரையன்று. ஓரத்தில் அமைந்த, நெகிழும் மென்சவ்வு. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அதை வைத்து எவராலும் அளக்க முடியாது. குழந்தை பெறாதவர்களுக்குச் சிறிய அளவு இருக்கிறது. ஆயினும் தங்கைக்கு மனம் ஒப்பவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம், அவளுக்குத் துணியே போதும்.

மீண்டும் தலவாக்கலையிலிருந்து

மிக்க நன்றி அக்கா. அம்மா லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) வைத்திருக்கிறார். அதற்கு இடைஞ்சல் உண்டா?

ஹற்றன் தாதி

இதைக் கேட்டது மிகவும் நல்லது. கிண்ணத்தை இழுத்து எடுக்கும்போது லூப்பின் நூலும் சேர்ந்து இழுபட்டு, லூப் இடம் மாறவோ வெளியே வரவோ கூடும். அம்மா முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிக் கிளினிக்கில் நூலின் நீளத்தைப் பார்க்கச் சொல்லட்டும். அவர்கள் சம்மதித்தால், அடிப்பக்கத்தை விரலால் அமுக்கிக் காற்றை உள்ளே விட்டு, பிடி தளர்ந்த பிறகே எடுக்க வேண்டும், காம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கவே கூடாது. அதுவரை அம்மாவுக்கு விரிக்கும் பருத்தித் துணியைக் கொடுங்கள், கிண்ணத்தை நீங்கள் தொடங்குங்கள்.