வேலை மாறும்போது பிஎஃப் பணத்தை எடுத்துவிடலாமா? வயது 32, ஓய்வுக்கு இன்னும் 26 வருடம்

மலைக்கோட்டை_32:

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியை விட்டு வந்துவிட்டேன். அடுத்த மாதம் ஸ்ரீபெரும்புதூரில் சேர்கிறேன். இது மூன்றாவது கம்பெனி. முதல் இடத்தில் 5 வருடம் 3 மாதம், இரண்டாவதில் 3 வருடம் 7 மாதம் பிஎஃப் பிடித்திருக்கிறார்கள். ஒரே யூஏஎன்தான் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்), ஆனால் கம்பெனிக்கு ஒன்றாக மெம்பர் ஐடி இரண்டு. இரண்டு பாஸ்புக்கிலும் சேர்த்து 3,80,000 ரூபாய் இருக்கிறது. பென்ஷன் என்ற கட்டத்தில் வேறு ஒரு தொகை காட்டுகிறது.

புது இடத்தில் மொத்தச் சம்பளம் 42,000, அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 20,000. தை மாதம் கல்யாணம். பிஎஃப், பென்ஷன் இரண்டையும் எடுத்துச் செலவை முடித்துவிட்டு, புதுக் கம்பெனியில் முதலிலிருந்து ஆரம்பி என்கிறார்கள் உடன் வேலை செய்தவர்கள். எடுக்கலாமா? எடுக்காமல் விட்டால் 58 வயதில் பிஎஃப் மட்டுமே போதுமா, இல்லை தனியாகவும் சேர்க்க வேண்டுமா? திருச்சியில் அப்பா கட்டிய வீடு இருப்பதால் வாடகை பற்றிய கவலை இல்லை.

காவிரிக்கரை:

தம்பி, எடுக்காதீர்கள். முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்குப் போகிறவர் கணக்கை முழுதாக மூட முடியாது. வேலையில்லாமல் இருப்பவர்களுக்கான வசதி அது. கல்யாணத்துக்கு என்றே பிஎஃப்பில் அட்வான்ஸ் உண்டு, கணக்கை மூடாமலே ஒரு பகுதியை வாங்கலாம். பணம் கட்டாயம் தேவைப்பட்டால் அந்த வழியில் போங்கள்.

எடுத்தால் என்ன போகும் என்று பார்ப்போம். வட்டி இப்போது 8.25 சதவீதம். கொஞ்சம் குறைத்து 8 என்றே வைத்தாலும், மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடப் போடாமல் இந்த 3,80,000 ரூபாய் 26 வருடத்தில் 28 லட்சம் ஆகும். விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் இன்றைய மதிப்பில் சுமார் 6 லட்சம். மண்டபமும் சாப்பாடும் ஒரே நாளில் விழுங்கப்போவது அந்தப் பணத்தைத்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் பென்ஷன். உங்களிடம் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனியும் 12 சதவீதம் போடுகிறது. 20,000 பேசிக்கில் ஆளுக்கு 2,400. கம்பெனி போடும் 2,400இல் 1,250 ரூபாய் பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும் (15,000 ரூபாய் உச்சவரம்பில் 8.33 சதவீதம்). மீதி 1,150 மட்டும்தான் பிஎஃப்பில் சேரும். ஆக மாதம் 3,550 உங்கள் பிஎஃப் கணக்கில் ஏறுகிறது.

பென்ஷன் கிடைக்க 10 வருட சேவை வேண்டும். உங்களுக்கு 8 வருடம் 10 மாதம் ஆகிவிட்டது. இந்த நேரத்தில் ஃபார்ம் 10சி போட்டுப் பென்ஷன் பணத்தை வாங்கினால் கையில் ஒரு தொகை கிடைக்கும், ஆனால் அத்தனை வருட சேவையும் அழிந்துவிடும். உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு, 15,000க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்தப் பென்ஷன் திட்டமே கிடையாது. ஏற்கெனவே அதில் உறுப்பினர் என்பதால் உங்களுக்கு இடம் இருக்கிறது. 20,000 பேசிக்கில் இருந்துகொண்டு அதை மூடினால் திரும்ப உள்ளே வர வழியில்லை.

தொகை எவ்வளவு வரும் என்றால், சம்பளத்தை (உச்சவரம்பு 15,000) சேவை வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 35 வருடத்துக்கு 7,500 ரூபாய். 20 வருடம் முடித்து 58இல் ஓய்வு பெற்றால் 2 வருடம் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். தொகை சிறியதுதான், விலைவாசிக்கு ஏற்ப ஏறவும் ஏறாது. ஆனாலும் கல்யாணம் ஆகப்போகிறவர் ஒன்றை மனதில் வையுங்கள்: வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் மனைவிக்கும், 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் இந்தத் திட்டத்தில்தான் மாதப் பென்ஷன் வரும். அதற்குப் 10 வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

பட்டறை_கணக்கர்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. மாற்றும் வேலையில் எங்கே சிக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

சேரும் அன்று புதுக் கம்பெனியில் ஃபார்ம் 11 தருவார்கள். அதில் பழைய யூஏஎன்னைக் கட்டாயம் எழுதுங்க. 'இதற்கு முன் பிஎஃப் இல்லை' என்று டிக் அடித்தால் புது யூஏஎன் போட்டுவிடுவார்கள், பிறகு இரண்டையும் இணைக்க மாதக்கணக்கில் அலையணும். அப்படியே எச்ஆரிடம் ஒரு கேள்வி: பிஎஃப் முழு பேசிக்குக்குப் பிடிக்கிறீர்களா, 15,000க்கு மட்டுமா? பின்னது என்றால் உங்க பங்கு 2,400 இல்லை, 1,800தான்.

புதுக் கம்பெனி முதல் மாதப் பணம் கட்டி அது பாஸ்புக்கில் ஏறினதும், மெம்பர் போர்ட்டலில் (உறுப்பினர்களுக்கான பிஎஃப் இணையதளம்) 'ஒரு உறுப்பினர் ஒரு கணக்கு' என்ற இடத்துக்குப் போய் பழைய ஐடி இரண்டையும் தனித்தனியா இதற்கு மாற்றணும். இரண்டாவது கம்பெனியில் சேர்ந்தபோதே முதல் ஐடியை மாற்றியிருக்கணும், பரவாயில்லை, இப்போதும் செய்யலாம்.

பெரும்பாலும் நிற்கிற இடம் 'வெளியேறிய தேதி'. பழைய கம்பெனி அதைப் பதியாமல் விட்டிருந்தால் மாற்றம் நகராது. கடைசியா பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, ஆதார் ஓடிபி வைத்து நீங்களே பதியலாம். அந்தக் கடைசி மாதத்துக்குள் வரும் தேதியைத்தான் அது ஏற்கும். ஒருமுறை பதிந்தால் நீங்களே திருத்த முடியாது, அதனால் ரிலீவிங் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்க. முதல் கம்பெனியை விட்ட தேதி இரண்டாவதில் சேர்ந்த தேதிக்குப் பின்னால் இருந்தால் சேவை ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். இன்றைக்கு அது கண்ணில் படாமல் போகலாம். 58இல் பென்ஷனுக்கு ஃபார்ம் 10டி போடும்போது திருப்பி அனுப்பலாம். அந்த நேரத்தில் பழைய கம்பெனி மூடிப்போயிருந்தால் யாரிடம் கையெழுத்து வாங்குவீங்க?

மலைக்கோட்டை_32:

மிக்க நன்றி சார். போர்ட்டலில் போய்ப் பார்த்தேன். முதல் கம்பெனியில் பெயர் 'எம் செந்தில் குமார்' என்று இருக்கிறது. ஆதாரில் 'செந்தில்குமார் முருகேசன்'. இது பிரச்சினையா? இன்னொன்று, பணத்தை மாற்றிய நண்பனுக்குப் பென்ஷன் கட்டத்தில் பூஜ்யம் காட்டுகிறதாம். அந்தப் பணம் என்ன ஆனது?

பட்டறை_கணக்கர்:

பிரச்சினைதான். நம்ம ஊர் இனிஷியலுக்கு அந்த கம்ப்யூட்டரில் இடமில்லை. இனிஷியலை முன்னால் போடுவது, பின்னால் போடுவது, விரித்து எழுதுவது, இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதுவது, எல்லாமே அதற்கு வெவ்வேறு ஆள். ஆதாரில் உள்ளதையே கடைசியா வைத்துக்கொண்டு பான், வங்கிக் கணக்கு, பிஎஃப் மூன்றையும் அதே எழுத்துக்குக் கொண்டு வாங்க. பிஎஃப்புக்கு ஜாயின்ட் டிக்ளரேஷன் என்று ஒரு விண்ணப்பம் இருக்கு. அப்பா பெயரும் பிறந்த தேதியும் சரியா இருக்கிறதா என்று அதே கையோடு பாருங்க. இதை முடிக்காமல் மாற்றத்துக்குப் போடாதீங்க.

பூஜ்யம் காட்டுவது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். பென்ஷன் பங்கு ரூபாயா இடம் மாறாது, சேவைக் காலம் மட்டும் மாறும். 'அனெக்சர் கே' என்ற தாளில் அந்தச் சேவை எழுதியிருக்கும். அதை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்க. பழைய கம்பெனி சொந்த டிரஸ்ட் வைத்து பிஎஃப் நடத்தியிருந்தால் அந்தத் தாள் இன்னும் முக்கியம்.

தாமிரபரணி:

"பிஎஃப் மட்டுமே போதுமா" என்பதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. போதாது. எவ்வளவு போதாது என்று கணக்குப் போட்டே பார்ப்போம். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறும், சம்பளமும் அதே அளவு ஏறும் என்று வைத்துக்கொள்கிறேன்.

சொந்த வீட்டில் இரண்டு பேருக்கு இன்றைய விலையில் மாதம் 25,000 செலவு என்றால், 26 வருடம் கழித்து அதே வாழ்க்கைக்கு 1,13,000 ரூபாய்க்கு மேல் வேண்டும். 85 வயது வரை இந்தச் செலவைத் தாங்க, ஓய்வு பெறும் நாளில் கையில் 3 கோடியே 25 லட்சம் அளவுக்கு இருக்க வேண்டும். தொகையைப் பார்த்து மலைக்காதீர்கள், இன்றைய மதிப்பில் அது 72 லட்சம்தான்.

பழைய பிஎஃப் 28 லட்சம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். இனி ஏறப்போகும் 3,550, சம்பளத்தோடு கூடிக்கொண்டே போனால், 60 லட்சத்தை எட்டும். மொத்தம் 88 லட்சம். பென்ஷன் 7,500 இன்றைய மதிப்பில் 1,650 ரூபாய் பெறும், கேஸ் சிலிண்டருக்கும் கரண்ட் பில்லுக்கும் சரியாகப் போகும். ஆகத் துண்டு விழுவது 2 கோடியே 35 லட்சத்துக்கு மேல்.

அதை ஈடுகட்ட, 10 சதவீத வளர்ச்சி என்ற அனுமானத்தில், இன்று மாதம் 10,000 ஆரம்பித்து வருடம் 6 சதவீதம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 42,000 சம்பளத்தில், கல்யாணம் ஆன புதிதில், அது பாரம். அதனால் 6,000 போதும், ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் 10 சதவீதம் கூட்டுங்கள். அடுத்த வருடம் 6,600, அதற்கடுத்து 7,260. இந்த வழியிலும் 2 கோடியைத் தாண்டும். சம்பள உயர்வு வந்த மாதமே எஸ்ஐபியை (மாதாமாதம் ஃபண்டில் போடும் இந்தத் தொகையை) உயர்த்திவிட வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றால் அந்தப் பணத்துக்கு ஒரு செலவு வந்து உட்கார்ந்திருக்கும். 42 வயதில் ஆரம்பித்தால் இந்த 10,000, இன்றைய மதிப்பிலேயே 20,000 ஆகிவிடும், அந்த வயதில் பள்ளிக்கூட ஃபீஸும் சேர்ந்து நிற்கும்.

எதில் போடுவது? பிஎஃப் ஏற்கெனவே நிலையான வட்டிப் பங்கு. அதனால் இந்த 6,000இல் பெரும்பகுதி, சொல்லப்போனால் முழுதுமே, நிஃப்டி 50 போன்ற இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்), முகவர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில் போகலாம். ஆனால் அது விழும். 2008இல் பாதிக்கு மேல் விழுந்தது. 2020 மார்ச்சில் சில வாரங்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. விழும்போது நிறுத்துகிறவர்களுக்குத்தான் நட்டம். மனம் தாங்காது என்றால் பாதியை விபிஎஃப்பில் (பிஎஃப்பில் நாமாகவே கூடுதலாகப் பிடிக்கச் சொல்வது) விடுங்கள், பிஎஃப் வட்டியே கிடைக்கும். பிபிஎஃப் (யார் வேண்டுமானாலும் வங்கியிலோ தபால் நிலையத்திலோ தொடங்கும் சேமநிதிக் கணக்கு) ஆரம்பித்தால் மாதத்தின் 5ஆம் தேதிக்குள் போடுங்கள். 6ஆம் தேதி போட்டால் அந்த மாத வட்டி கிடையாது.

இன்னொரு எச்சரிக்கை. கல்யாணம் ஆனதும் 'டாக்ஸ் மிச்சம்' என்று சொல்லிக்கொண்டு எண்டோமென்ட் பாலிசியோடு (சேமிப்பும் காப்பீடும் கலந்தது) சொந்தக்காரர் யாராவது வீட்டுக்கு வருவார். உங்கள் வருடச் சம்பளம் 5 லட்சம் சொச்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை. இல்லாத வரியை எப்படி மிச்சம் பிடிப்பது? அந்தப் பாலிசிகளின் வருமானம் பெரும்பாலும் 5, 6 சதவீதத்தைத் தாண்டாது. குடும்பப் பாதுகாப்புக்கு டெர்ம் இன்சூரன்ஸ் (இறந்தால் மட்டும் பணம் வரும் காப்பீடு) எடுங்கள், சேமிப்பைத் தனியாக வையுங்கள். மனை வாங்குவதையும் ஓய்வுக்கால ஏற்பாடாகப் பார்க்காதீர்கள். மருந்துக்குப் பணம் வேண்டும் என்று மனையின் ஒரு மூலையை மட்டும் விற்க முடியாது.

53 வயதிலிருந்து இண்டெக்ஸ் பணத்தை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக நிலையான இடத்துக்கு நகர்த்துங்கள். 60க்குப் பிறகு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. இப்போது 8.2 சதவீதம், உச்சவரம்பு 30 லட்சம், அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும்.

நெல்லுப்பட்டி:

இடையில் ஒரு கேள்வி. என் தம்பிக்கு 30 வயது, ஜவுளிக்கடையில் வேலை, பிஎஃப் கிடையாது. அவனுக்கு ஏதாவது உண்டா?

தாமிரபரணி:

வருமான வரி கட்டாதவர் என்றால் அடல் பென்ஷன் திட்டம். 40 வயதுக்குள் சேர வேண்டும். 30 வயதில் சேர்ந்து மாதம் 577 ரூபாய் கட்டினால் 60 முதல் மாதம் 5,000. இதே 5,000க்கு 18 வயதில் சேர்ந்தவர் 210 கட்டினால் போதும். அவருக்குப் பின் மனைவிக்கும் அதே தொகை வரும். வங்கிக் கணக்கில் ஆட்டோ டெபிட் தேதியன்று பணம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம் சேரும். 5,000 என்பது அப்போதும் 5,000தான், கூடாது. அதனால் தபால் நிலையத்தில் ஒரு பிபிஎஃப் கணக்கும் தொடங்கச் சொல்லுங்கள். வருடம் 500 போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும், தீபாவளி போனஸ் வரும்போது கூடுதலாகப் போடலாம்.

காவிரிக்கரை:

முதலில் கேட்ட தம்பிக்கு விட்டுப்போன இரண்டு விஷயங்கள். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு வேலையை விட்டதும் போய்விடும். 58 வயதில், சர்க்கரையும் பிரஷரும் வந்த பிறகு, புதிதாகக் கேட்டால் பிரீமியம் எகிறும், தரமாட்டோம் என்றும் சொல்வார்கள். கம்பெனிக் காப்பீடு இருந்தாலும் 40 வயதுக்குள் சொந்தமாக ஒன்று எடுத்து விடாமல் கட்டுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருடம். தொடர்ந்து 5 வருடம் கட்டிவிட்டால், மோசடி இருந்தால் தவிர, விவரத்தை மறைத்தீர்கள் என்று காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது.

அடுத்தது நாமினி. குடும்பம் இல்லாதபோது பிஎஃப்பில் போட்ட நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாது. தாலி கட்டிய மாதமே இ-நாமினேஷனில் மனைவியின் ஆதாரும் புகைப்படமும் ஏற்றி, ஆதார் ஓடிபியில் இ-சைன் முடியுங்கள். விவரங்களைச் சேமித்துவிட்டு இ-சைன் செய்யாமல் வெளியே வந்துவிடுகிறார்கள் நிறைய பேர். அப்படி விட்டால் அது பதிவே ஆகாது.