பொய்ப்பொருள் ஆட்டம்: உண்மையான பொருள் உடனே பிடிபட்டுவிடுகிறதே, ஏன்?

கேள்வி
அகராதியிலிருந்து ஒருவர் அரிய சொல் எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பொய்ப்பொருள் எழுத வேண்டும், பிறகு நடுவில் கலந்திருக்கும் மெய்யைக் கண்டுபிடிக்க வேண்டும். 6 பேர், தமிழ்ச் சொற்கள் மட்டும். பல சுற்றுகளில் எல்லாருமே சரியானதைத் தொட்டுவிடுகிறார்கள். கோளாறு எங்கே? புள்ளி எப்படிப் போடுவது?

மறுமொழி 1
பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது பொருள் அல்ல, எழுதியிருக்கும் விதம்தான். நம் அகராதிகளும் நிகண்டுகளும் ஒற்றைச் சொல்லில் பொருள் சொல்லும். 'அளக்கர்' என்றால் 'கடல்', அவ்வளவுதான். ஆடுபவர்களோ இரண்டு வரி எழுதுவார்கள். ஐந்து நீளமானவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் குட்டையாக நின்றால் யாருக்குத்தான் தெரியாது?

4 முதல் 8 சொற்கள், பெயர்ச்சொல்லில் முடிய வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். சொல் கொடுப்பவரும் மெய்யை அதே அளவுக்கு நீட்டலாம்: 'கரை காணாத உப்புநீர்ப் பரப்பு, கடல்'. சீட்டுகளை அப்படியே வாசிக்கவும் கூடாது. பிறர் கையெழுத்தில் தடுக்கி, தான் எழுதியதை மட்டும் சரளமாகப் படித்தால் குட்டு உடைந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே தாளில் தன் கையால் படியெடுத்து, வரிசையைக் கலைத்து, எண் போட்டு, இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

'ஒரு வகைப் பூச்சி', 'ஒரு வகை மரம்' என்று எழுதுவதையும் தவிருங்கள். எதுவும் தோன்றாதவர் எல்லாரும் அங்கேதான் போய் நிற்பார்கள்.

மறுமொழி 2
சொல் தேர்வும் முக்கியம். ஞெண்டு, யாமை போன்றவை வீண். நண்டும் ஆமையும் வெளியே தெரிகின்றன. தெரிந்த சொல் போல ஒலித்து வேறெங்கோ இழுத்துப்போவதுதான் அருமையான சொல். அளக்கர் என்றதும் எண்ணம் 'அளப்பவர்' பக்கம் ஓடும். 'தகர்' ஆட்டுக்கடா, ஆனால் அந்தச் சொல் வரும் குறள் 486 நினைவிருப்பவர் இருந்தால் வேண்டாம். உல்கு (சுங்கவரி), கராம் (முதலை) இரண்டும் நன்றாக வேலை செய்யும். சொல்லைச் சொன்னதும் 'யாருக்காவது தெரியுமா?' என்று கேட்டு, ஒருவருக்குத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

எகினம் போன்றவற்றில் சண்டை வரும். அன்னம், நாய், புளியமரம் எல்லாமே அதற்குப் பொருள். ஒருவர் கற்பனையாக 'புளியமரம்' என்று எழுதினால் அது பொய்யா, மெய்யா? ஒற்றைப் பொருள் உள்ளதையே எடுப்பது நல்லது.

மறுமொழி 3
எல்லாரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்கள் என்றால் வாக்கு முறையையும் பாருங்கள். ஒவ்வொருவராகச் சொன்னால் முதலில் உறுதியாகப் பேசியவர் பின்னால் மற்றவர்கள் போய்விடுவார்கள். மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் விரல் காட்டட்டும்.

புள்ளி: மெய்யைக் கண்டவருக்கு 2. பொய்க்கு விழும் ஒவ்வொரு வாக்குக்கும் எழுதியவருக்கு 1. ஒருவரும் காணாவிட்டால் சொல் கொடுத்தவருக்கு 3. தற்செயலாக மெய்யையே எழுதியவருக்கு 3 கொடுத்து, அவர் சீட்டை ஒதுக்கிவிடுங்கள். அந்தச் சுற்றில் அவருக்கு வாக்கு கிடையாது.

கேள்வி கேட்டவர்
இரண்டு பேர் ஒரே பொய்யை எழுதினால்?

மறுமொழி 3
ஒன்றாகச் சேர்த்து ஒரே எண் கொடுங்கள். விழும் வாக்குக்கு இருவருக்கும் முழுப் புள்ளி. தனித்தனியே வாசித்தால் இரண்டுமே பொய் என்று தெரிந்துவிடும்.