கந்தமால்ல கைநாட்டு வெச்ச ஒரு அம்மா

விசுவாசத்துக்காகப் பட்ட கஷ்டத்தப் பத்தி இங்க எல்லாரும் எழுதின சாட்சியப் படிச்சேன், ஸ்தோத்திரம். வீட்ல ஒதுக்கி வெச்சது, வேலை போனது, பேசி முடிச்ச கல்யாணம் நின்னது, எதுவும் சின்னக் கஷ்டம் இல்ல. நான் சொல்லப்போறது எனக்கு நடந்தது இல்ல, எங்க கம்பெனில வேலை பார்த்த ஒரு ஒடிசா பொண்ணோட குடும்பத்துக்கு நடந்தது. அந்தப் பொண்ணுகிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன், பேரு மட்டும் வேண்டாம்னாங்க.

நான் திருநெல்வேலி பக்கம், கட்டிக்கொடுத்தது திருப்பூர்ல, பனியன் கம்பெனி செக்கிங்ல இருக்கேன். கொரோனா முடிஞ்சு கம்பெனி மறுபடி ஓட ஆரம்பிச்சப்போ காண்ட்ராக்டர் கூட்டிட்டு வந்த ஆளுங்கள்ல அவளும் ஒருத்தி, பிசிர் வெட்டுற வேலை. தமிழ் சீக்கிரம் புடிச்சிக்கிட்டா. ஆதார்ல பொறந்த நாள் ஜனவரி 1ன்னு இருந்துச்சு, என்னடி புதுவருஷத்துல பொறந்தியான்னு கேட்டதுக்கு, இல்லக்கா ஸ்கூல் சர்டிபிகேட் எல்லாம் வீட்டோட எரிஞ்சிருச்சு, கலவரத்துல வீடு இழந்தவங்கள வெச்சிருந்த கேம்ப்ல வயசு கேட்டு அவங்களா எழுதினதுன்னா. அப்படித்தான் எனக்கு கந்தமால் தெரிய வந்துச்சு.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். ஒடிசால மலைக்காட்டு மாவட்டம் அது. 2007 கிறிஸ்துமஸ் சமயத்துலயே ஒரு தடவ சர்ச்சுங்கள எரிச்சிருக்காங்க. அப்புறம் 2008 ஆகஸ்ட் 23ம் தேதி ராத்திரி லக்ஷ்மணானந்தான்னு, மதமாற்றத்த எதிர்த்து வந்த ஒரு இந்து சாமியார ஜலேஸ்பட்டா ஆசிரமத்துல சுட்டுக் கொன்னாங்க, நாங்கதான் செஞ்சோம்னு மாவோயிஸ்ட்டுங்களே சொன்னாங்க, ஆனா பழி மொத்தமா கிறிஸ்தவங்க மேல விழுந்துச்சு. வாரக்கணக்குல எரிஞ்சிருக்கு. அரசாங்கக் கணக்குல செத்தவங்க நாப்பதுக்குப் பக்கம், சபைகளோட கணக்குல 90க்கும் மேல. 50,000க்கும் மேல ஜனங்க வீடு வாசல் இல்லாம காட்டுலயும் கேம்ப்லயும் கெடந்தாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க பாணா சாதி, தலித் ஜனங்க, கிறிஸ்தவங்களா இருக்கறதால 1950ல வந்த குடியரசுத் தலைவர் உத்தரவுப்படி எஸ்.சி. சலுகையும் கிடையாது, நம்ம ஊர்ல தலித் கிறிஸ்தவங்க படற அதே பாடுதான்.

அவளுக்கு அப்போ ஒன்பது வயசு இருக்கும்னு அவங்க அப்பா சொல்றாரு. கூட்டம் வர்ற சத்தம் கேட்டதும் உடுத்தின துணியோட சால் மரக்காட்டுக்குள்ள ஓடியிருக்காங்க, ஆகஸ்ட் மாசம் அங்க நல்ல மழை, பச்சை மக்காச்சோளத்தக் கடிச்சித் தின்னுக்கிட்டு அட்டைக்கடியோட இருந்திருக்காங்க. தம்பிக்கு நாலு வயசு, காய்ச்சல் கொதிக்குது, உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. மாத்திரையாவது வாங்கலாம்னு அம்மா மட்டும் பையனத் தூக்கிட்டு ஊருக்குள்ள எறங்கியிருக்காங்க. புடிச்சிட்டாங்க.

இதுக்கு மேல அவ சொல்லல, அம்மா சொல்லுவாங்கன்னுட்டா. நானும் தோண்டிக் கேக்கல.

அப்புறம் ஒரு தடவ கிறிஸ்துமஸ் லீவுக்கு அவ ஊருக்குப் போறப்போ நானும் எங்க வீட்டுக்காரரும் கூடப் போனோம். சென்னைல இருந்து ரயில்ல பிரம்மபூர், அங்கிருந்து பஸ்ல பஞ்சநகர் தாண்டி கலிங்கா காட் ஏறி ஜி.உதயகிரி. டிசம்பர்ல அந்தக் குளிர் நம்ம ஆளுங்களுக்குத் தாங்காது, எங்க வீட்டுக்காரர் ரெண்டு போர்வைக்குள்ளயும் நடுங்கிட்டு இருந்தாரு. அவங்க சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவே முடியல, இந்துவா மாறினா மட்டும் வாங்கன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. பக்கத்துல நந்தகிரின்னு ஒரு காலனி, அப்படித் திரும்ப முடியாதவங்களுக்கு அரசாங்கம் குடுத்த எடம், அங்கதான் சின்ன வீடு. நிலம் இன்னும் பழைய ஊர்லதான் இருக்கு, அதுல வேற ஆளுங்க மஞ்சள் போடறாங்களாம்.

அந்த அம்மா வாசல்ல உக்காந்து அவிச்சுக் காய வெச்ச மஞ்சளத் தேய்ச்சுக்கிட்டே பேசினாங்க, கை முழுக்க மஞ்சள் ஏறி நகம் எது தோல் எதுன்னு தெரியல. அவங்க பேசப் பேச பொண்ணு தமிழ்ல சொன்னா. புடிச்சவங்க பையன ஒருத்தன் கையில வாங்கி வெச்சிக்கிட்டு, ஒத்துக்கிறியா இவன வெட்டவான்னு கேட்டிருக்காங்க. ஒத்துக்கிட்டாங்க. தலைய மழிச்சு, சாணி கரைச்ச தண்ணியக் குடிக்க வெச்சு, ஒரு பேப்பர்ல கைநாட்டு வாங்கியிருக்காங்க, என் சொந்த விருப்பத்துல இந்துவா மாறுறேன்னு அதுல எழுதியிருந்துச்சாம், படிக்கத் தெரியாது, அவங்களே படிச்சுக் காட்டியிருக்காங்க. காட்டுக்குள்ள இருந்த வீட்டுக்காரரும் பொண்ணும் கேம்ப்புக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க, இவங்க பாதி எரிஞ்ச வீட்ல காவலுக்கு நடுவுல பையனோட பல மாசம் இருந்திருக்காங்க. பையன் பொழச்சிக்கிட்டான். ஒரு நாள் விறகுக்குப் போறேன்னு கெளம்பி பையன இடுப்புல வெச்சிக்கிட்டு காட்டு வழியாவே நடந்து கேம்ப்புக்கு வந்துட்டாங்க.

வீட்டுக்காரர் ஒரு வார்த்த கேக்கல. ஆனா அந்த அம்மாவுக்கே மனசு ஆறல. ஆராதனைக்கு வருவாங்க, கடைசில உக்காருவாங்க, திருவிருந்துல, அதாவது ஆண்டவரோட மரணத்த நினைச்சு அப்பமும் ரசமும் பகிர்ந்துக்கறப்போ, அப்பத் தட்டு வரிசையா கைமாறி வரும்ல, அது அவங்ககிட்ட வந்ததும் எடுக்காம பக்கத்துல குடுத்துருவாங்க. வருஷக்கணக்குல அப்படி. அதே சபையில ஒரு பெரியவர், அவரு மகன் நான் கிறிஸ்தவன்தான்னு சொல்லி நின்னதுக்கு வெட்டிட்டாங்க. ஒரு ஞாயிறு அந்தப் பெரியவர் ஆம்பளைங்க பக்கத்துல இருந்து எழுந்திரிச்சு, தட்ட வாங்கிட்டு பொம்பளைங்க பக்கம் வந்து இவங்க முன்னாடி நீட்டிக்கிட்டு நின்னுட்டாராம். பாட்டு முடிஞ்சிருச்சு, சபையே பாக்குது, அவரு நகரல. கை வேற நடுங்குது அவருக்கு. எடும்மா, என் மகனும் உன் மகனும் ஒண்ணுதான்னாராம். எடுத்தாங்களாம். இதச் சொல்றப்போ பொண்ணுக்குத் தொண்டை அடைச்சிருச்சு, கொஞ்ச நேரம் தமிழ் வரல, ஆனா அம்மா சாதாரணமா மஞ்சளத் தேய்ச்சிக்கிட்டே இருந்தாங்க.

நம்ம சர்ச்சுகள்ல பாடுகளப் பத்திப் பிரசங்கம் வந்தா நின்னு செத்தவங்களப் பத்தித்தான் வரும். அது வேணும், நான் வேண்டாங்கல. அந்தக் கலவரத்துல கொல்லப்பட்ட கந்தேஸ்வர் திகால்னு கந்தமால் ஆள், அவரு கூட 34 பேர், இவங்கள மறைசாட்சிங்களா, அதாவது விசுவாசத்துக்காக உயிர விட்டவங்களா அறிவிக்கற வேலையத் தொடங்க 2023ல கத்தோலிக்கத் தலைமையான ரோம் அனுமதி குடுத்தப்போ, நான் கத்தோலிக்கம் இல்ல, சி.எஸ்.ஐ. சபைன்னாலும் அவ்ளோ சந்தோஷப்பட்டேன். ஃபாதர் பெர்னார்ட் திகால்னு ஒருத்தர், அதே 2008 ஆகஸ்ட்ல அடிச்சுக் காட்டுல போட்டுட்டாங்க, அக்டோபர் 28ம் தேதி நம்ம சென்னைல ஒரு ஆஸ்பத்திரிலதான் உசிர விட்டாரு, நம்மள்ல எத்தன பேருக்கு அது தெரியும்? ஆனா அந்த அம்மாவும் சாட்சிதான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். திரும்பி வர்றதுக்குக் காட்டு வழியா நடந்தாங்களே, புடிபட்டிருந்தா மறுபடி என்ன செஞ்சிருப்பாங்கன்னு தெரிஞ்சுதானே நடந்தாங்க.

திரும்பி வந்ததும் எங்க சர்ச் போதகர்கிட்ட இதச் சொன்னேன், அவரு ஒரு பழைய விஷயம் சொன்னாரு, மனசுல நின்னுருச்சு. கி.பி. 250ல ரோமாபுரிப் பேரரசன் தேசியுஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி சர்டிபிகேட் வாங்கணும்னு உத்தரவு போட்டான், எகிப்து மணல்ல அந்த சர்டிபிகேட்டுங்க இப்பவும் கெடைச்சிருக்கு. பயந்து வாங்கினவங்க ஏராளம். உபத்திரவம் ஓய்ஞ்சதும் அவங்க திரும்ப சபைக்கு வந்தப்போ பெரிய சண்டை, சேக்கவே கூடாதுன்னு ரோம்ல நொவாத்தியான்னு ஒரு குரு தனியாப் பிரிஞ்சு போனாரு. வட ஆப்பிரிக்காவுல இருந்த கார்த்தேஜ் ஊரோட பிஷப் சிப்ரியான், மனந்திரும்பி வந்தவங்கள ஒரு காலம் காத்திருக்க வெச்சாவது சேத்துக்கணும்னு முடிவெடுத்தவரு. அந்த சிப்ரியான்தான் 258ல மறுதலிக்க மாட்டேன்னு சொல்லி தலை வெட்டுப்பட்டு செத்தாரு. அந்தப் பெரியவர் தட்டோட நின்னத யோசிச்சுப் பாத்தா இதுவும் அதுவும் எனக்கு வேற வேறயாத் தெரியல. ஆண்டவரோட சீஷன் பேதுரு மூணு தடவ அவரத் தெரியாதுன்னு மறுதலிச்சும் என் ஆடுகளை மேய்ப்பாயாகன்னுதானே ஆண்டவர் சொன்னாரு.

இன்னொண்ணையும் சொல்லணும், இல்லேன்னா ஒருதலையா எழுதின மாதிரி ஆயிரும். காட்டுல இவங்க இருந்தப்போ ராத்திரில சோறு கொண்டு வந்து வெச்சிட்டுப் போனது பக்கத்து வீட்டு கந்தா பழங்குடி ஆளுங்க, கிறிஸ்தவங்க இல்ல, தெரிஞ்சிருந்தா அவங்க வீடும் எரிஞ்சிருக்கும். பர்கட் மாவட்டம் பதம்பூர்ல சர்ச் நடத்தின அநாதை இல்லத்துல உயிரோட எரிச்ச ரஜனி மாஜி, சின்ன வயசுப் பொண்ணு, அவ இந்து. அதனால இதப் படிச்சிட்டு யாரும் பக்கத்து வீட்டுக்காரங்க மேல கசப்ப வளத்துக்காதீங்க, அந்தக் குடும்பத்துக்கே அந்தக் கசப்பு இல்ல. நீதி வேணும்ங்கறது வேற விஷயம். சாமியார் கொலைக்கு அங்கத்த ஏழு ஏழைக் கிறிஸ்தவங்களுக்கு 2013ல ஆயுள் தண்டனை குடுத்தாங்க, 2019ல சுப்ரீம் கோர்ட்டு ஜாமீன் குடுக்கற வரைக்கும் வெளிய வர முடியல, அவங்க பொண்டாட்டி புள்ளைங்க பட்ட பாட்ட யாரு ஈடு கட்டறது.

போன வாரம் இங்க ஒரு தம்பி, நம்ம ஊர்ல அப்படி ஒரு நாள் வந்தா நான் நிப்பேனா விழுவேனான்னு பயமா இருக்குன்னு எழுதியிருந்தாரு. அந்த அம்மாகிட்ட நான் அதே கேள்விய கேட்டேன் தம்பி, மறுபடி வந்தா என்ன செய்வீங்கம்மான்னு. தெரியாதும்மா, அன்னிக்கும் எனக்குத் தெரியாது, ஆனா எங்க திரும்பி வரணும்னு தெரியும்னாங்க. எனக்கு அது போதும்னு பட்டுச்சு.

இப்போ எங்க சர்ச் பழைய ஹால்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒடியா ஆராதனை நடக்குது, அவளும் அவ வீட்டுக்காரருந்தான் பாட்டு நடத்துறாங்க. கோயமுத்தூர், ஈரோடு, ஓசூர் பக்கம் இருக்கறவங்க உங்க பக்கத்து மில்லுல, கட்டட வேலைல ஒடிசா புள்ளைங்க இருந்தா கொஞ்சம் விசாரிங்க, எந்த மாவட்டம்னு கேளுங்க. ஒடியா பைபிள் வேதாகமச் சங்கத்துல சொன்னா கெடைக்கும், பாட்டுப் புத்தகந்தான் இங்க கெடைக்க மாட்டேங்குது, ஊருக்குப் போறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, நான் பணம் அனுப்பிடறேன்.