மறு: கலைச்சொல் உதவி – கப்பிவில்லின் 'லெட்-ஆஃப்' தமிழில் எப்படி?

முதல் மடல் – கோபிசெட்டிபாளையம்

எல்லோருக்கும் வணக்கமுங்க.

மிச்சிகனில் இருக்கும் என் தங்கை மகன் ஆறேழு வருசமாக வில்லெடுத்து வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறான். அங்கே அக்டோபர் 1 அன்று வில் பருவம் தொடங்கும். புதிதாகச் சேரும் தமிழ்ப் பையன்களுக்காகத் தமிழிலேயே ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறான். தமிழைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. நம் பக்கம் மானை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சத்தியமங்கலம் காட்டில் யாருக்கும் இந்தக் கையேடு வேண்டியதில்லை. மிச்சிகனில் உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, எண்ணிக்கைக்கு உட்பட்டுச் செய்கிறார்கள். அந்த ஊர்ச் சட்டத்துக்கு அந்த ஊர்க் கையேடு.

வில்லின் பெயரிலேயே முதல் சிக்கல் வந்தது. 'கூட்டுவில்' என்று எழுதியிருந்தான். கூட்டுவில் என்றால் மரமும் கொம்பும் நரம்பும் சேர்த்து ஒட்டிய பழைய காலத்து வில்லைத்தான் நினைப்பார்கள். இவன் சொல்வது நுனிகளில் உருளை வைத்த வில். அமெரிக்காவில் மிசௌரிக்காரர் ஹாலிஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை வாங்கியது. உருளை இருப்பதால் 'கப்பிவில்' என்று மாற்றினேன். கிணற்றுக் கப்பி தெரிந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாட்டிக்கொண்ட சொல் 'லெட்-ஆஃப்'. சாதாரண வில்லில் இழுக்க இழுக்கக் கனம் கூடிக்கொண்டே போகும்; காதுவரை இழுத்து நிற்கும்போதுதான் கனம் அதிகம், கை நடுங்கிவிடும். கப்பிவில் அப்படியில்லை. கனம் விறுவிறுவென ஏறும், உச்சத்தில் கொஞ்ச தூரம் நிற்கும், கடைசிச் சில அங்குலத்தில் சடாரென்று குறைந்துவிடும். அந்தக் குறைவுதான் 'லெட்-ஆஃப்'. மையம் விலக்கித் துளையிட்ட உருளை திரும்பத் திரும்ப, நாண் இழுக்கும் பக்கத்தில் நெம்புகோலின் கை நீள்கிறது, வில்லை வளைக்கும் வடம் இருக்கும் பக்கத்தில் குறுகுகிறது. கடப்பாரையை நுனியில் பிடித்துப் பாறையை நெம்புகிற கதைதான்.

70 பவுண்டு வில், 80 விழுக்காடு 'லெட்-ஆஃப்' என்றால், இழுக்கும்போது உச்சத்தில் ஏறத்தாழ 32 கிலோ. முழுக்க இழுத்துப் பிடித்து நிற்கும்போது கையில் 14 பவுண்டு, ஆறு கிலோ சொச்சம். ஒரு சிப்பம் அரிசியைவிடக் கனமாக இழுக்கத் தொடங்கி, ஆறு லிட்டர் தண்ணீரின் சுமையில் வந்து நிற்கிற மாதிரி.

வேட்டையில் இதன் அருமை எங்கே தெரியும் என்றால், மான் நடந்துவரும்போது அதன் கண் ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும் நொடியில்தான் நாணை இழுக்க முடியும். கை அசைவதைப் பார்த்தால் போய்விடும். இழுத்தாயிற்று, ஆனால் அது மரத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டால்? முன்னங்காலுக்குப் பின்புறம் நுரையீரல் இருக்கும் இடம் தெளிவாகத் தெரிகிறவரை பிடித்தபடியே இருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தாங்க வைப்பது இந்தக் குறைவு.

நான் யோசித்தது 'இறக்கம்'. கனம் ஏறி, மேட்டில் நின்று, இறங்குகிறது. வரைபடம் போட்டால் நம் திம்பம் மலைப்பாதை மாதிரியே இருக்கிறது. '80 விழுக்காட்டு இறக்கம்' என்று எழுதலாமா? குறை இருந்தால் சொல்லுங்க.


மறுமடல் – கோயம்புத்தூர்

அண்ணா, வணக்கம்.

நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு வில் பழக்குகிறவள். எங்களுக்கு இலக்குப்பலகைதான், மான் இல்லை. கப்பிவில்லில் போட்டித் தொலைவு 50 மீட்டர், வில்லை இழுக்கும் கனம் 60 பவுண்டைத் தாண்டக்கூடாது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்த வில்லில் இருந்த ஐந்து தங்கமும் இந்தியாவுக்கு வந்த பிறகு, கற்றுக்கொடுக்கச் சொல்லிப் பெற்றோர்களே தேடி வருகிறார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கப்பிவில் கலப்பு இரட்டையருக்கும் இடம் உண்டு. அதனால் இந்தச் சொல் மிச்சிகனுக்கு மட்டும் அல்ல, எங்களுக்கும் வேண்டும்.

'கப்பிவில்' எனக்குப் பிடித்திருக்கிறது. 'இறக்கம்' வேண்டாம் அண்ணா.

நாண் ஏற்றுவது, நாண் இறக்குவது இரண்டும் தமிழில் பழைய சொற்கள். வில்லில் நாணைப் பூட்டுவதும் கழற்றுவதும் அவை. அது போகட்டும் என்றாலும், களத்தில் நான் 'இறக்கு' என்று சொன்னால், எய்யாமல் நாணை மெதுவாக முன்னால் கொண்டுவந்து விடு என்று பொருள். குறுக்கே யாராவது போனால் அதைத்தான் கத்துவேன். ஒரு பிள்ளை முழுக்க இழுத்து நிற்கும்போது 'இறக்கம் வந்துச்சா?' என்று கேட்டு, அது தப்பாகப் புரிந்துகொண்டு கையை விட்டால் என்ன ஆகும்?

சிலர் 'தளர்வு' என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். அது இன்னும் மோசம். தளர்வு என்றால் பிள்ளைகள் வில் தளர்ந்துவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நேரத்தில்தான் வில்லின் இரண்டு கிளைகளும் அதிகம் வளைந்திருக்கின்றன, முழு விசையும் உள்ளே இருக்கிறது. கைக்குத்தான் குறைவு, வில்லுக்கு இல்லை. 'கைச்சுமைக் குறைவு' என்று எழுதிப் பார்த்தேன். சரிதான், ஆனால் வாயில் நிற்கவில்லை.


மறுமடல் – கவுந்தப்பாடி

தம்பிக்கும் அம்மிணிக்கும் வணக்கம்.

எனக்கு வில்லைப் பத்தி ஒன்னும் தெரியாதுங்க. ஆனா கெணத்துல எருது கட்டித் தண்ணி எறைக்கற கவலை ஓட்டியிருக்கறேன், கரும்பாலையும் ஓட்டியிருக்கறேன். ரெண்டையும் சொல்றேன், உங்களுக்கு ஆகுமான்னு பாருங்க.

கவலையில தண்ணி மொள்ற சால் நெறஞ்சு மேலே வர்ற வரைக்கும் எருதுக கழுத்துல அத்தனை பாரம். சாலோட தோல் வாயான தும்பி வழியாத் தண்ணி வாய்க்கால்ல கொட்டுனதும் 'பாரம் எறங்கிருச்சு'ம்போம். எறங்கிருச்சுன்னா முடிஞ்சுது. எருது பின்னால நடக்கும், மறுபடியும் மொதல்ல இருந்து. நீங்க சொல்ற வில்லுல பாரம் முடியலீங்களே, ஆறு கிலோ கையில நிக்குதே. அப்பறம் அம்மிணி சொல்ற மாதிரி, உள்ளே முழுசும் இருக்குது. அதனால எறக்கம்ங்கறது பொய் சொல்ற மாதிரி ஆயிரும்.

இப்ப ஆலைக்கு வாங்க. சர்க்கரைக்குப் பாகு பதத்துக்கு வர்றப்ப சக்கை போடறவனப் பாத்து 'தீயத் தணி'ம்போம். அணைன்னு சொன்னா அவன் வேலைய விட்டுட்டு எந்திரிச்சுருவான், பாகு கெட்டுரும். தணிச்ச தீ தீதான், உள்ளே கங்கு அப்படியே இருக்கும். கவனிக்காம விட்டா மறுபடியும் குபீர்னு எரியும். வெயில் தணிஞ்சாலும் வெயில்தான், கோவம் தணிஞ்சவனும் கோவக்காரன்தான்.

'தணிவு'ன்னு வெச்சுப் பாருங்க.


மறுமடல் – கோபிசெட்டிபாளையம்

ஐயா, உங்கள் மடலை நேற்று ராத்திரி மருமகனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். 'கவனிக்காம விட்டா மறுபடியும் எரியும்' என்ற இடத்தில் அவன் நிறுத்தச் சொன்னான். இதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

முதல் வருசம். பரணில் பதினைந்து அடி உயரத்தில் இடுப்பு வாரும் மரத்து வாரும் மாட்டி உட்கார்ந்திருக்கிறான். மாலை நேரம். மான் ஓக் மரத்துக்குப் பின்னால் போனதும் இழுத்துவிட்டான். மான் அங்கேயே நின்று ஏதோ மென்றுகொண்டிருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு மேல். கையில் கனம் இல்லையே என்று தோள்பட்டையை லேசாக விட்டிருக்கிறான். அரை அங்குலம் நாண் முன்னால் போனதும் உருளை பள்ளத்தைத் தாண்டி மேட்டுக்கு வந்துவிட்டது. ஆறு கிலோ என்று நினைத்திருந்த கையை முப்பது கிலோ வெடுக்கென்று இழுத்துப்போனது. நாணைக் கவ்வியிருக்கும் விசைப்பிடி விடுபடாமல் கையிலேயே இருந்ததால் அம்பு போகவில்லை. தோள் மட்டும் பத்து நாள் வலித்தது. 'தளர்வு'ங்கற சொல்லைத்தான் மாமா அப்போ மனசுல வெச்சிருந்தேன் என்றான்.

இதற்கு மேல் எனக்கு எந்த வாதமும் வேண்டாம். கனம் குறைந்திருக்கிறது, போகவில்லை, விட்டால் திரும்ப வரும் என்ற மூன்றையும் ஒரே சொல்லில் தருவது 'தணிவு'தான். எதன் தணிவு என்று தெரிவதற்காக முதல் இடத்தில் 'பளுத்தணிவு' என்று முழுசாக எழுதிவிட்டு, பிறகு தணிவு என்றே போகலாம். '80 விழுக்காட்டுத் தணிவு' – படிக்கச் சரியாக இருக்கிறது.

ஒரு சொல்லை மட்டும் நட்டால் அது நிற்காது என்பதால் கூட வருகிறவற்றையும் சேர்த்தே வைக்கிறேன். இழுக்கும்போது உச்சத்தில் வரும் கனம் 'இழுபளு'. தணிந்த பிறகு கை தாங்குவது 'தாங்குபளு'. தணிவு நீடிக்கிற அந்தக் குறுகிய இடம் 'பள்ளம்'. நம் ஊரில் பள்ளம் என்றால் நீர் ஓடும் தாழ்ந்த இடம் என்று யாருக்கும் தெரியும். அதற்கப்பால் நாண் நகராமல் நிற்கும் இடத்துக்கு அங்கே சுவர் என்கிறார்கள். நமக்கு 'முட்டு' போதும். தங்கச்சி, 'இறக்கு' என்ற கட்டளை உங்களுடையதாகவே இருக்கட்டும். கையேட்டிலும் எய்யாமல் நாணைத் திருப்பிக் கொண்டுவருவதற்கு அதையே வைத்துவிட்டேன்.

மையம் விலகிய அந்த உருளைக்கு 'கேம்' என்றே விட்டிருக்கிறேன். கோவைப் பட்டறைகளில் லேத் ஓட்டுகிறவர் முதல் தறி மெக்கானிக் வரை கேம் என்றுதான் சொல்கிறார்கள். வேலை செய்கிறவன் வாயில் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கும்போது அதைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுப்பது எனக்கு ஒப்பாது.

அம்பின் 'ஸ்பைன்' பற்றிச் சுருக்கமாக. முதுகெலும்பு என்று எழுதியிருந்தான், அடித்துவிட்டேன். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளின் மேல் அம்புத்தண்டை வைத்து, நடுவில் 1.94 பவுண்டு தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் பார்க்கிறார்கள். 400 என்றால் 0.4 அங்குல வளைவு. எண் கூடினால் அம்பு நெகிழ்வு கூடுகிறது. 'விறைப்பு எண்' என்றால் தலைகீழாகப் புரிந்துவிடும், ஆகவே 'வளைவெண்'. கனமான இழுபளு உள்ள வில்லுக்குச் சிறிய வளைவெண் வேண்டும்.

மரத்தில் கட்டும் இருக்கைக்கு விவாதமே வேண்டாம். சோளக்காட்டில் பன்றிக்குக் காவல் இருந்தவனுக்குப் பரண் தெரியும். சங்கப் பாட்டில் 'இதணம்' என்று இருக்கிறது, அழகான சொல்தான்; ஆனால் பரண் உயிரோடு இருக்கும்போது இதணத்தை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஆண்மானுக்குக் கலை, பெண்மானுக்குப் பிணை என்று வைத்திருக்கிறேன். பக்கத்துக் கொல்லிமலை ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று துளைத்துக்கொண்டு போனதைப் பாடும் புறநானூற்று 152ஆம் பாட்டிலும் அந்த மான் 'கலை'தான்.

இன்னொரு சொல் மட்டும் உங்கள் எல்லோர் பார்வைக்கும். நாண் விடுபடும் ஓசை கேட்டதும் மான் ஓடுவதற்காகக் கால்களை மடக்கித் தாழ்கிறது, அம்பு முதுகுக்கு மேலே போய்விடுகிறது. ஓசை நொடிக்கு 340 மீட்டர். அம்பு 90 மீட்டருக்குள்தான். 27 மீட்டர் தொலைவில் ஓசை போய்ச் சேர்ந்த பிறகு அம்பு வருவதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. மானுக்கு அது போதும். அங்கே இதை நாண் தாண்டுவது என்கிற மாதிரி சொல்கிறார்கள். மான் எதையும் தாண்டவில்லை. மாடு மிரளுவதைப் பார்த்த நமக்கு இது 'நாண்மிரட்சி'. தொலைவைக் குறைப்பதும், ஓசை அடங்கிய வில்லை எடுப்பதும், கொஞ்சம் தாழக் குறிவைப்பதும்தான் இதற்கு வழி என்று எழுதியிருக்கிறான்.

கடைசியாக, கையேட்டில் நாணை இழுத்துக் காத்திருந்து எய்வதைச் சொல்லும் பத்தியை இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன். தங்கச்சி, உங்கள் பிள்ளைகளில் ஒருவரிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லி எங்கே தடுக்குகிறது என்று எழுதுங்க:

"காற்று மானிடமிருந்து உன் பக்கம் வீசுகிற பரணிலேயே உட்கார். மாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கிப் போகும், காலையில் வெயில் ஏறியதும் மேல்நோக்கி வரும். அதையும் கணக்கில் எடு. மானின் கண் மரத்துக்குப் பின்னால் மறைந்ததும் நாணை முட்டுவரை இழு. பளுத்தணிவு வந்துவிட்டாலும் முதுகுத் தசையை விடாதே. நாணை முட்டோடு அழுத்தியே வைத்திரு. மான் பக்கவாட்டிலோ, உனக்கு அப்பால் சற்றுத் திரும்பியோ நின்றால் மட்டும் எய். நேரே உன்னைப் பார்த்து நின்றால் எய்யாதே, இறக்கு. அம்பு குண்டு மாதிரி அடித்து வீழ்த்தாது. அலகின் கூர்மையால் அறுத்து, குருதி வடியவைத்துத்தான் கொல்லும். ஆகவே அலகு மழிக்கும் கூர்மையில் இல்லாவிட்டால் பரண் ஏறாதே. நுரையீரலில் பட்டது என்று தெரிந்தாலும் அரை மணி நேரம் இறங்காமல் இரு. வயிற்றில் பட்டிருந்தால் பல மணி நேரம் பொறுத்த பிறகே தடம் பிடி; அவசரப்பட்டு விரட்டினால் அது எழுந்து ஓடி, எங்கோ புதரில் கிடந்து துன்பப்பட்டுச் சாகும்."

வெள்ளிக்கிழமை வரை மாற்றம் சொல்லலாமுங்க. சனிக்கிழமை காலையில் மருமகனுக்கு அனுப்பிவிடுகிறேன்.